தூக்குக் கயிறும் ஊர்ப் பேச்சும்

கடுங்குற்றம் செய்யப் போகிறவரைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் சட்டத்தின் தண்டனைக்கு அதிகமா, சுற்றியிருக்கும் சமூகத்தின் மனப்போக்குக்கு அதிகமா என்பது குற்றவியலில் நெடுநாளாக நீடிக்கும் விவாதம். ஒரு கொடூரம் நடந்ததும் 'தூக்கில் போடு' என்ற குரல் எழுகிறது. சில மாதங்களில் அது அடங்கி, அடுத்த கொடூரத்தின்போது மறுபடி எழுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் என்று விரியும் கொங்கு நாட்டில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் நடந்த சில வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் தெரிய வரும். ஒரு குற்றத்தின் அவமானம் யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்தே சட்டத்தின் மீதான பயமும் கூடுகிறது, குறைகிறது.

தண்டனை பற்றிய நவீன சிந்தனைக்கு அடித்தளம் இட்டவர் இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த சேசரே பெக்காரியா. 1764ல் அவர் எழுதிய சிறு நூல் தண்டனைக்கு மூன்று பக்கங்கள் உண்டு என்று காட்டியது. அது தவறாமல் வருமா, சீக்கிரம் வருமா, எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பவை அவை. முதல் இரண்டும் இல்லாவிட்டால் மூன்றாவதால் பயனில்லை என்பது அவர் முடிவு. அந்தக் காலத்து இங்கிலாந்து அதற்கு நேர் சாட்சி. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது. ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தூக்கு. ஒரு திருட்டுக்காக மனிதனைக் கொல்ல மனம் வராத ஜூரிகள், திருடுபோன பொருளின் மதிப்பை 39 ஷில்லிங் என்று முடிவுசெய்து குற்றவாளியின் உயிரைக் காப்பாற்றினார்கள். சட்டம் கடுமையாக ஆக ஆக அதைப் பயன்படுத்தும் கைகள் தயங்கின. சமூகம் ஏற்காத தண்டனை ஏட்டில் மட்டும் இருந்தது.

அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012ல் முப்பது ஆண்டுக்கால ஆய்வுகளைப் பரிசீலித்து, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா இல்லையா என்று சொல்ல அவை எதுவும் உதவாது என்று அறிவித்தது. கனடா 1976ல் மரண தண்டனையை ஒழித்தது. அதன்பின் அங்கே கொலை விகிதம் ஏறவில்லை, காலப்போக்கில் இறங்கியது. இந்தியாவில் நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015ல் அளித்த 262வது அறிக்கையில், ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை கூடுதலாக யாரையும் தடுப்பதற்குச் சான்று இல்லை என்று கூறி, பயங்கரவாதம் தவிர மற்றவற்றுக்கு அதைக் கைவிடலாம் என்று பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேற்றப்பட்ட இடம் சேலம் மத்தியச் சிறை. 1995 ஏப்ரல் 27 அன்று, பல கொலைகளில் குற்றவாளியான ஆட்டோ சங்கர் அங்கே தூக்கிலிடப்பட்டார். அதன்பின் முப்பது ஆண்டுகளாக மாநிலத்தில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. 'தூக்கில் போடு' என்ற குரல் மட்டும் ஓயவில்லை. 2010 அக்டோபர் 29 அன்று கோவையில் பள்ளிக்குக் கிளம்பிய பத்து வயதுச் சிறுமியும் அவளுடைய ஏழு வயதுத் தம்பியும் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலில் கிடைத்தன. நகரமே கொதித்தது. கைதான இருவரில் ஒருவர் நவம்பர் 9 அதிகாலையில் போலீஸ் என்கவுன்டரில் கொல்லப்பட்டபோது மக்கள் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். மற்றவருக்கு 2012ல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2019ல் உறுதி செய்தது.

கோவையில் இதைவிடப் பெரிதாக எந்தத் தண்டனையும் பேசப்பட்டதில்லை. ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் அது தெரியும். ஆனால் 2019 மார்ச்சில் துடியலூர் பகுதியில் முதல் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி பாலியல் வன்முறைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டாள். குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த நபர் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நடமாடியவர். ஒரு சம்பவத்தை வைத்து, தண்டனைக்கு யாருமே பயப்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. பயந்து ஒதுங்கியவர்கள் கணக்கில் வருவதே இல்லை. என்றாலும், பெரும்பாலான கொலைகள் குடிபோதையிலும் வரப்புத் தகராறிலும் ஒரு நொடிக் கோபத்திலும் நடப்பவை. அந்த நொடியில் யாரும் தண்டனைப் பிரிவைப் புரட்டிப் பார்ப்பதில்லை. திட்டமிட்டுச் செய்பவரோ தாம் அகப்படவே மாட்டோம் என்று நம்பித்தான் இறங்குகிறார்.

இந்த இரண்டு வகையிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு. அகப்பட்டாலும் பரவாயில்லை என்று செய்யப்படும் கொலை அது. கொங்கு நாடு இதை மிக அருகில் பார்த்திருக்கிறது.

2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே, பட்டப்பகலில், கடைக்குப் போய்விட்டுச் சாலையைக் கடக்க நின்ற இளம் தம்பதியை மோட்டார் சைக்கிளில் வந்த கும்பல் அரிவாளால் வெட்டியது. குமரலிங்கத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர் சங்கர் இறந்தார். மனைவி கௌசல்யா தலையில் வெட்டுக்காயத்தோடு பிழைத்தார். சங்கர் தலித், கௌசல்யா வேறு சாதி. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கண்காணிப்பு கேமராவில் பதிவான காட்சியை நாடே பார்த்தது. சுற்றிலும் ஆட்கள், கடைகள், நிறுத்தியிருந்த வண்டிகள். வெட்டியவர்கள் முகத்தைக்கூட மறைக்கவில்லை, வேலை முடிந்ததும் வண்டியில் ஏறிப் போனார்கள். ஊரே பார்க்கட்டும் என்பது போலிருந்தது அந்தச் செயல்.

'நாலு பேர் முகத்துல எப்படி முழிக்கறது' என்பது கொங்கு வீடுகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. கடனைத் திருப்பிக் கொடுக்க வைப்பதும், வயதான தாயைக் கைவிடாமல் இருக்க வைப்பதும், வாக்குத் தவறாமல் காப்பதும் இதே பேச்சுத்தான். எத்தனையோ தப்புகளைப் போலீஸ் ஸ்டேஷன் இல்லாமலே இது தடுக்கிறது. ஆனால் மகள் வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள் என்றதும் இதே பேச்சு திசை மாறுகிறது. கொலை செய்தால் தலை குனிய வேண்டும் என்ற இடத்தில், கொலை செய்யாவிட்டால் தலை குனிய வேண்டும் என்று ஆகிவிடுகிறது. சாதி சனத்தின் மதிப்பு ஒரு தட்டிலும் சிறைவாசம் மறு தட்டிலும் இருக்கும்போது, சட்டம் எத்தனை ஆண்டு சிறை கொடுத்தாலும் சிறையின் தட்டு இறங்குவதில்லை.

2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் அமர்வு நீதிமன்றம் சங்கர் வழக்கில் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. நாட்டின் எல்லாப் பத்திரிகைகளிலும் முதல் பக்கச் செய்தி. கொங்கு மண்டலத்தில் அதை அறியாதவர் இருந்திருக்க முடியாது. ஒன்றரை ஆண்டு கழித்து, 2019 ஜூன் 25 அன்று, சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேட்டுப்பாளையத்தில், தலித் பெண்ணைக் காதலித்த தம்பியையும் அந்தப் பெண்ணையும் அண்ணனே வெட்டினார். இருவரும் இறந்தார்கள். அந்த அண்ணனுக்கு 2025 ஜனவரியில் கோவை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உடுமலை வழக்கிலோ, 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐவரின் மரண தண்டனையை 25 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனையாக மாற்றியது.

சட்டம் தன் வேலையைச் செய்யவே சமூகத்தின் தயவு தேவைப்படுகிறது என்பதைக் கோகுல்ராஜ் வழக்குபோல் காட்டிய வழக்கு வேறில்லை. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரியான அந்த 21 வயது தலித் இளைஞர், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலில் கல்லூரித் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர் என்பதால் தீரன் சின்னமலை பேரவையின் தலைவர் யுவராஜும் அவருடைய ஆட்களும் கோகுல்ராஜைக் கடத்திப் போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. யுவராஜ் தலைமறைவாக இருந்த மாதங்களில் அவருடைய குரல் பதிவுகள் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றின. அக்டோபரில் நாமக்கல்லில் அவர் சரணடைய வந்தபோது ஆதரவாளர்கள் கூட்டமாகத் திரண்டார்கள். கொலை வழக்கில் தேடப்படும் ஒருவருக்குக் கிடைத்த அந்த வரவேற்பைப் பார்த்த எந்த இளைஞன் சட்டத்துக்குப் பயப்படுவான்?

விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. சாட்சிகள் பலர் பிறழ் சாட்சியானார்கள். சம்பவத்தைக் கண்ணால் பார்த்த அந்தத் தோழியும் அவர்களில் ஒருவர். மேல்முறையீட்டின்போது 2022 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவரை மறுபடி கூண்டில் ஏற்றியது. கோயில் கேமரா பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினார்கள். திரையில் கோகுல்ராஜுடன் நடந்து வரும் பெண்ணைப் பார்த்து, அது தான் அல்ல என்றார் அவர், அழுதார். தன் உருவத்தையே தனதில்லை என்று சொல்ல வேண்டிய நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளிய அழுத்தம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்டதல்ல. அந்த அழுத்தத்தின் எடை எந்தச் சிறைத் தண்டனையின் எடையையும்விட அதிகம் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. இறுதியில் வழக்கைக் காப்பாற்றியவை கேமரா பதிவுகளும், விடாமல் போராடிய தாய் சித்ராவின் மன உறுதியும்தான். விசாரணை நீதிமன்றம் 2022 மார்ச்சிலேயே யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்திருந்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் 2023 ஜனவரியில் மலைக்கோயிலுக்கும் உடல் கிடந்த இடத்துக்கும் நேரிலேயே போய்ப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 2 அன்று யுவராஜின் தண்டனை உறுதியானது. குற்றம் நடந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவமானம் தப்பான இடத்தில் விழுவதன் இன்னொரு முகம் பொள்ளாச்சி. ஒரு கும்பல் இளம்பெண்களை நம்ப வைத்து அழைத்துப் போய் வன்முறை செய்து, அதை வீடியோ எடுத்து மிரட்டியது. அவர்களுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. எந்தப் பெண்ணும் வெளியே சொல்ல மாட்டாள், சொன்னால் அவளுக்கும் குடும்பத்துக்கும்தான் மானக்கேடு என்ற நம்பிக்கைதான் அவர்களுடைய ஆயுதம். அந்த நம்பிக்கையை 2019 பிப்ரவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் புகார் கொடுத்து உடைத்தார். அதன் விளைவாக அவருடைய அண்ணன் தாக்கப்பட்டார். ரகசியமாக வைக்க வேண்டிய அவருடைய பெயரை உயர் போலீஸ் அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் வெளியிட்டார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. இன்னொரு பெண் புகார் கொடுக்க யோசித்திருந்தால், அந்த ஒரு பெயர் வெளியீடே அவருடைய வாயை அடைக்கப் போதுமானதாக இருந்திருக்கும்.

ஆனால் அந்த ஆண்டு மார்ச் மாதம் வேறொன்றும் நடந்தது. கோவையிலும் பொள்ளாச்சியிலும் பல ஊர்களிலும் கல்லூரி மாணவிகள் தெருவில் இறங்கினார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் பெண்கள் அல்ல என்று உரக்கச் சொன்னார்கள். வழக்கு சிபிஐக்குப் போனது. மூடிய நீதிமன்றத்தில், அடையாளம் காக்கப்பட்டு, பாதிக்கப்பட்ட பெண்கள் சாட்சி சொன்னார்கள். விசாரிக்கப்பட்ட 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்து, எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. திருச்செங்கோட்டு வழக்கையும் இதையும் அருகருகே வைத்தால், இரண்டிலும் சட்டம் ஒன்றே, சிறைத் தண்டனையும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு வழக்கில் சாட்சிகள் பேசப் பயந்தார்கள், மற்றதில் பயப்படாமல் பேசினார்கள். அந்த வித்தியாசம் ஊரிலிருந்து வந்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2019ல் நீதிமன்றத்தில் முடிந்த பாலியல் வன்கொடுமை வழக்குகளில் சுமார் 28 விழுக்காட்டில்தான் தண்டனை கிடைத்தது. பதிவாகாத குற்றங்கள் இந்தக் கணக்கிலேயே வராது. இதே ஆண்டில்தான், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் திருத்தப்பட்டு, குழந்தைகள் மீதான கொடிய பாலியல் குற்றங்களுக்கு மரண தண்டனை வரை இடம் தரப்பட்டது. குழந்தைகளுக்கு எதிரான இத்தகைய குற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் செய்பவர் தெரிந்தவர்தான். மாமா, பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் வாத்தியார். தூக்கு என்ற சொல்லைக் கேட்டதும் 'நம்ம ஆளு உசுரு போயிருமே' என்று குடும்பமே குழந்தையின் வாயை மூடிவிடும் என்ற கவலையைக் குழந்தைகள் நல ஆர்வலர்கள் அப்போதே சொன்னார்கள். 39 ஷில்லிங் ஜூரிகளின் கதைதான், வேறு உருவத்தில்.

இதற்கு மாறாக, தண்டனையை அதிகம் நம்பாமல் மனப்போக்கை மாற்ற முயன்ற முயற்சி ஒன்றும் இந்த மண்டலத்திலேயே உண்டு. 1980, 90களில் சேலம், தருமபுரி வட்டாரக் கிராமங்களில் பெண் சிசுக்கொலை பரவலாக இருந்தது. கள்ளிப்பால் என்றால் அன்று பெண் சிசுவுக்குக் கொடுக்கும் விஷம் என்றே பொருள். சட்டப்படி அது கொலை. ஆனால் பிரசவம் வீட்டில், சாட்சி மாமியாரும் மருத்துவச்சியும். ஊருக்கே தெரிந்தும் ஊரே வாய் திறக்காதபோது வழக்கு எங்கிருந்து வரும்? 1992ல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கொல்லாதே, வளர்க்க முடியாவிட்டால் தொட்டிலில் விட்டுப் போ என்றது அது. தருமபுரியில் 1990களின் இறுதியில் கலைக்குழுக்கள் கிராமம் கிராமமாகத் தெருநாடகம் போட்டன. கிராம சுகாதாரச் செவிலியர்கள் கர்ப்பிணிகளை வீடு வீடாகப் பார்த்துப் பேசினார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்தன, பெண்கள் பள்ளிக்கும் மில்லுக்கும் போய்ச் சம்பாதித்தார்கள். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011ல் அது 900ஐத் தாண்டியது. முழு வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது. பெண் குழந்தை வேண்டாம் என்ற எண்ணம் பல வீடுகளில் ஸ்கேன் மையத்துக்கு இடம் மாறியதும் உண்மை.

ஊர்க் கண்ணின் காவல் இல்லாத இடங்களும் உண்டு. கொங்கு நாட்டின் தோட்டத்துச் சாளைகள், அதாவது தோட்ட வீடுகள், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் தனித்தனியாக இருப்பவை. பிள்ளைகள் கோவைக்கோ பெங்களூருக்கோ போய்விட, வயதான தம்பதி மட்டும் இருப்பார்கள். 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டன்பாளையத்தில் ஒரு தாய், தந்தை, மகன் மூவரும் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டார்கள். சிவகிரிப் பகுதியில் இன்னொரு முதிய தம்பதி கொலையானது சில நாள் கழித்து, 2025 மே தொடக்கத்தில்தான் வெளியே தெரிந்தது. நகைக்காகச் செய்யப்பட்ட இந்தக் கொலைகளை எந்த ஊரும் மெச்சவில்லை, சமூகம் முழுமையாக வெறுத்தது. வெறுப்பு மட்டும் போதவில்லை, பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. சிகாகோவில் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து 1997ல் வெளியான ஆய்வு ஒன்று, அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பி, பொதுக் காரியத்தில் தலையிடத் தயாராக உள்ள பகுதிகளில் வன்முறை குறைவு என்று கண்டது. வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த முடிவு மாறவில்லை. கிராமத்தில் 'யாரு கண்ணு நீ, எந்த ஊரு' என்று புது முகத்தைக் கேட்கும் பழக்கம் செய்யும் வேலையும் அதுதான். கேட்க ஆளில்லாத தோட்டத்துச் சாளைகளில், விரைவாகக் கண்டுபிடித்துப் பிடிக்கும் போலீசுக்கு மாற்று எதுவும் இல்லை.

சட்டமும் மனப்போக்கை மாற்றவல்லது. கௌசல்யா தன் பெற்றோருக்கு எதிராகவே கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சியம், சாதி மீறிக் கல்யாணம் செய்த எத்தனையோ பேருக்குத் தைரியம் தந்தது. ஆனால் அந்தத் தைரியத்துக்குக் காவல் வேண்டும். 2018 மார்ச் 27 அன்று, சாதி மீறிய கல்யாணத்துக்காக நடக்கும் ஆணவக் கொலைகள் குறித்த சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் தனிப்பிரிவு, மிரட்டலுக்குள்ளான தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லம், அலட்சியம் காட்டும் அதிகாரி மீது நடவடிக்கை என்று வரிசையாகக் கட்டளையிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கும் ஒப்புதல் அளித்தது. இவற்றில் எதுவும் தண்டனையை ஒரு நாள்கூட அதிகப்படுத்தவில்லை. ஓடிவந்த தம்பதி ஸ்டேஷனில் நிற்கும்போது அவர்களைப் பெற்றோரிடமே 'சமாதானமாக' ஒப்படைத்துவிடும் வழக்கத்தை நிறுத்துவதுதான் இவற்றின் நோக்கம்.

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவின் கொல்லப்பட்ட பிறகு, ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்ற பழைய கோரிக்கை வலுத்தது. அக்டோபரில் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் ஒன்றை அறிவித்தது. கொலைக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவிலும் இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவிலும் இருக்கிறது. தண்டனையில் இதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை. கொலைக்கு முன் வரும் மிரட்டல், வீட்டுச் சிறை, சாதிச் சங்கங்களின் கட்டப்பஞ்சாயத்து, கொலையாளியைப் பாராட்டும் பேனரும் வாட்ஸ்அப் பதிவும், கொலைக்குப் பின் சாட்சிகள் மீது இறங்கும் நெருக்கடி ஆகியவற்றைக் குற்றமாக வரையறுப்பதும், திருமணப் பதிவு அலுவலகத்துக்கு வரும் தம்பதிக்கு அன்றைக்கே பாதுகாப்புத் தருவதும்தான் ஒரு தனிச்சட்டம் புதிதாகச் செய்யக்கூடியவை.